பில்லில் 47ஆவது மாதம் எப்படி வந்தது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனிக்கு ஆண்ட்ராய்டு போனில் பில் போடுகிற செயலி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றரை வருஷமாக ஓடுகிறது. வியாபாரி கிலோவையும் விலையையும்தான் பார்ப்பார், தேதியை யார் பார்க்கிறார்கள்? கடைசியில் ஆடிட்டர் கண்ணில்தான் பட்டது: 18-47-2024. நாற்பத்தேழாவது மாதம். போதாததற்கு மாதக் கணக்குப் பட்டியலில் 2024 டிசம்பர் 29, 30, 31 மூன்று நாளும் ஒரு வருஷம் தள்ளி 2025இல் போய் உட்கார்ந்திருக்கின்றன. விடியக்காலை 3 மணி ஏலமும் மதியம் 3 மணி ஏலமும் பில்லில் ஒரே நேரமாகத் தெரிகின்றன. "எல்லாரும் போடுற டிடி எம்எம் ஒய்ஒய்ஒய்ஒய் தானே அண்ணே நானும் போட்டேன், பழைய பில்லையெல்லாம் சரி பண்ண முடியுமா" என்று குரல் பதிவில் கேட்டிருந்தீர்கள்.

பதில் உங்கள் குரல் பதிவிலேயே இருக்கிறது. எம்எம் என்றீர்களே, பெரிய எம்மா சின்ன எம்மா? வாயால் சொல்லும்போது அது காதில் விழாது. மென்பொருளுக்கோ அது மட்டும்தான் விழும். அதனால் இந்தப் பதில் முழுக்க ஒவ்வொரு எழுத்தையும் பெரியது, சின்னது என்று சொல்லியே எழுதுகிறேன், சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இது பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. எழுத்தின் உயரத்தைக் கண் கணக்கில் எடுப்பதே இல்லை, குறிலா நெடிலா என்றுதான் பார்க்கும். படி வேறு, பாடி வேறு என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். இங்கே சின்ன எம், பெரிய எம் இரண்டையும் அப்படித்தான் பார்க்கப் பழக வேண்டும்: குறில் நெடில் மாதிரி, இரண்டும் இரண்டு வேறு எழுத்து. நம் பழைய பத்திரங்களில் ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம், ௳ என்றால் நாள். பத்திர எழுத்தர் '1964௵ டிசம்பர்௴ 22௳' என்று எழுதிவிட்டுப் போனால் அதில் குழப்பவே வழியில்லை. மூன்று குறியும் யூனிகோடில் இன்றும் இருக்கின்றன, போனில் தெரியும். ஆனால் நிரல் எழுதுகிற கருவிகள் ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. 26 எழுத்து போதாமல் பெரியதையும் சின்னதையும் தனித்தனிக் குறியாக்கிவிட்டார்கள்.

சரி, உங்கள் பில்லுக்கு வருவோம். ஜாவா என்ற நிரல் மொழியிலும் ஆண்ட்ராய்டிலும் வடிவச் சரம், அதாவது நீங்கள் சொன்ன டிடி எம்எம் ஒய்ஒய்ஒய்ஒய் மாதிரியான வரி, ஒரு நிரப்பும் படிவம் மாதிரி. அதில் எங்கெல்லாம் ஆங்கில எழுத்து இருக்கிறதோ அங்கெல்லாம் மென்பொருள் ஒரு மதிப்பை வைக்கும். கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் இருந்தபடியே இருக்கும். சின்ன டி என்றால் மாதத்தின் நாள். பெரிய எம் என்றால் மாதம். சின்ன எம் என்றால் நிமிஷம். நீங்கள் தேதிக்குப் போட்டது சின்ன எம் இரண்டு. உங்கள் பில் படத்தை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள்: 18-47-2024, அதற்குப் பக்கத்திலேயே நேரம் 03:47. மாதம் 47, நிமிஷமும் 47. அடுத்த பில்லில் 18-52-2024, நேரம் 03:52. ஒரே எண் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

இதில் 47 வந்த பில் நல்ல பில், ஏனென்றால் பார்த்தவுடனே தப்பு என்று தெரிகிறது. 03:10க்குப் போட்ட பில் 18-10-2024 என்று வந்திருக்கும், பார்க்கிறவர் அக்டோபர் என்று நினைத்துக்கொள்வார். ஒரு மணி நேரத்தில் 60 நிமிஷம், அதில் 1 முதல் 12 வரை மாதம் போலவே வேஷம் போடும். அதாவது ஐந்தில் ஒரு பில் நல்ல பிள்ளை மாதிரி தப்புத் தேதியோடு உட்கார்ந்திருக்கும். ஆடிட்டர் கண்ணில் படாத அந்த ஐந்தில் ஒன்றைத்தான் நான் பயப்படச் சொல்வேன்.

எழுத்தின் எண்ணிக்கைக்கும் பொருள் உண்டு. செப்டம்பர் மாதத்துக்குப் பெரிய எம் ஒன்று போட்டால் 9, இரண்டு போட்டால் 09, மூன்று போட்டால் தமிழ் அமைப்பில் 'செப்.', நான்கு போட்டால் 'செப்டம்பர்', ஐந்து போட்டால் வெறும் 'செ'. ஐந்து என்பது நாட்காட்டிக் கட்டத்துக்குள் இடமில்லாதபோது போடுவது, பில்லில் போட்டுவிடாதீர்கள், ஜூனும் ஜூலையும் இரண்டுமே 'ஜூ' என்று வந்து நிற்கும். கிழமைக்குப் பெரிய இ: மூன்று வரை போட்டால் சுருக்கம், நான்கு போட்டால் 'வெள்ளி' என்று முழுசாக. தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் மொழி அமைப்பைத் தமிழ் - இந்தியா என்று வெளிப்படையாகக் கொடுங்கள், போனின் மொழிக்கு விட்டுவிட்டால் ஒருவர் பில்லில் ஆங்கிலமும் இன்னொருவர் பில்லில் தமிழுமாக வரும். இந்தப் பெயர்ப் பட்டியலையும் குறி எழுத்துகளின் பட்டியலையும் யூனிகோடு அமைப்புதான் சிஎல்டிஆர் என்ற பெயரில் பராமரிக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், இப்போதைய ஜாவா எல்லாம் மாதப் பெயரை அங்கேயிருந்துதான் எடுக்கின்றன.

இப்போது டிசம்பர் விவகாரம். இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

சின்ன ஒய் என்றால் நாட்காட்டி வருஷம். பெரிய ஒய் என்றால் வார வருஷம். வார வருஷம் என்பது வாரங்களை எண்ணுகிறவர்களுக்கானது: ஒரு வாரத்தை இரண்டு வருஷத்துக்குப் பிய்க்க முடியாது, அதனால் முழு வாரத்தையும் ஏதாவது ஒரு வருஷத்தில் சேர்த்துவிடுவார்கள். இந்திய அமைப்பில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது, ஜனவரி 1 எந்த வாரத்தில் விழுகிறதோ அது முதல் வாரம். 2025 ஜனவரி 1 புதன்கிழமை. அந்த வாரம் தொடங்கியது 2024 டிசம்பர் 29 ஞாயிறு. ஆக 29, 30, 31 மூன்று நாளும் பெரிய ஒய்க்கு 2025. உங்கள் பட்டியலில் சரியாக அந்த மூன்று நாள்தான் ஓடிப்போயிருக்கிறது. ஐரோப்பாவில் பின்பற்றுகிற ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறையில் வாரம் திங்கள்கிழமை தொடங்கும், வியாழக்கிழமை எந்த வருஷத்தில் இருக்கிறதோ வாரம் அந்த வருஷத்துக்கு. அங்கே இதே நிரல் 30, 31 இரண்டு நாளை மட்டும் மாற்றும். ஒரே நிரல், இரண்டு அமைப்பில் இரண்டு விடை. ஐஎஸ்ஓ முறையில் இது திருப்பியும் நடக்கும்: 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, அன்றைக்குப் பெரிய ஒய் இன்னும் 2026 என்றே சொல்லும்.

இதில் இன்னொரு கள்ளத்தனம் பாருங்கள். 2023 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின 2022 டிசம்பர் கடைசியில் இந்திய அமைப்பில் சோதித்துப் பார்த்திருந்தால் ஒரு நாள்கூடத் தப்பாக வந்திருக்காது. வருஷத்தில் குறைந்தது 359 நாள் சரியாக இருக்கும், கடைசி வாரத்தில் மட்டும் தலைதூக்கும், பொங்கலுக்குள் தானாகவே சரியாகிவிடும். யாராவது குறை சொல்லி நாம் போய்ப் பார்ப்பதற்குள் ஆள் காணாமல் போயிருப்பான்.

எனக்கு நடந்தது இதைவிடக் கேவலம். ஒரு நண்டு கம்பெனிக்கு, பெயர் வேண்டாம், பெட்டியில் ஒட்டுகிற லேபிளுக்கு நிரல் எழுதினேன். அதற்கு முன்பு ஒரு வலைப்பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்டில் மொமன்ட் என்ற நூலகத்தை வைத்து எழுதியிருந்தேன். அங்கே பெரிய ஒய் நான்கு, பெரிய எம் இரண்டு, பெரிய டி இரண்டு என்று போட்டால்தான் சரியான தேதி வரும். அதை அப்படியே எடுத்து ஜாவாவில் தேதியை எழுத்தாக்குகிற சிம்பிள்டேட்ஃபார்மேட்டில் ஒட்டினேன். ஜாவாவில் பெரிய டி என்றால் வருஷத்தின் எத்தனையாவது நாள். ஜனவரி மாதம் சோதித்தேன், ஜனவரியில் இரண்டும் ஒன்றுதானே, ஜனவரி 20 என்பது வருஷத்தின் 20ஆவது நாளும்தான். கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிப்ரவரியில் வந்தது பாருங்கள் போன், "02-33ன்னு வருது, பிப்ரவரிக்கு எப்ப சார் 33 நாள் ஆச்சு" என்று. அதைத் திருத்தினேன். திருத்தும்போது பெரிய ஒய்யைக் கவனிக்கவில்லை, அது டிசம்பர் வரைக்கும் காத்திருந்து அடித்தது. இரண்டையும் விட்டிருந்தால் 2024 டிசம்பர் 30 அன்று லேபிளில் 2025-12-365 என்று வந்திருக்கும். லீப் வருஷம் என்பதால் அன்றைக்கு 365ஆவது நாள்.

அதனால் ஒரு எழுத்துக்கு என்ன பொருள் என்று கேட்பதற்கு முன்னால், எந்தக் கருவியில் என்று கேட்க வேண்டும். பாம்பனில் நின்றுகொண்டு "கடல் எப்படி இருக்கு" என்று கேட்டால் என்ன பதில் வரும்? வடகடலா தென்கடலா என்றுதானே திருப்பிக் கேட்பார்கள். ஒன்று குளம் மாதிரி கிடக்கும்போது இன்னொன்று கொந்தளித்துக்கொண்டிருக்கும். எழுத்தும் அப்படித்தான்.

சி மொழியில் ஸ்டிராஃப்டைம் என்று ஒரு பழைய செயல்பாடு இருக்கிறது, பைத்தான் முதல் லினக்ஸ் கட்டளை வரை பலவும் அதன் வழியில் வந்தவை. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் % குறி வரும். சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிஷம். ஆமாம், ஜாவாவுக்கு நேர் தலைகீழ். பெரிய ஒய் நான்கு இலக்க வருஷம், சின்ன ஒய் இரண்டு இலக்கம். பெரிய எச் 24 மணிக் கணக்கு, 12 மணிக்குப் பெரிய ஐ, காலை மாலைக்குச் சின்ன பி (ஓவுக்கு அடுத்து வருகிற பி). வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது சின்ன ஜே. இங்கே எழுத்தை இரட்டிப்பதெல்லாம் கிடையாது, ஓர் எழுத்துக்கு ஒரு வேலை. மையெஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் வந்து நிமிஷத்துக்கு % சின்ன ஐ என்று வைத்துக்கொண்டது. அதில் பெரிய எம் என்றால் மாதத்தின் முழுப் பெயர். வலைத்தளம் எழுதுகிற மொழியான பிஎச்பியிலும் நிமிஷம் சின்ன ஐதான், % இல்லாமல். பெரிய எம் அங்கே மூன்றெழுத்து மாதப் பெயர்.

போஸ்ட்கிரஸ், ஆரக்கிள் என்ற தரவுத்தளங்கள் இன்னொரு கட்சி. எண்ணாக வருகிற இடத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமே அவற்றுக்கு இல்லை. அதனால் மாதத்துக்கு எம்எம், நிமிஷத்துக்கு எம்ஐ. இது தெரியாமல் எச்எச்24:எம்எம் என்று போட்டீர்கள் என்றால் ஆகஸ்ட் மாதம் முழுக்க எல்லா ஏலமும் ஏதோ ஒரு மணி 8 நிமிஷத்துக்கே நடந்ததாகக் காட்டும். மைக்ரோசாஃப்டின் டாட் நெட் பெரும்பாலும் ஜாவா மாதிரி, ஆனால் கிழமைக்கும் சின்ன டியையே மூன்றும் நான்குமாகப் போடச் சொல்லும், காலை மாலைக்குச் சின்ன டீ, அதாவது எஸ்ஸுக்கு அடுத்து வருகிற டீ. (போனில் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், தலை சுற்றும்.)

கோ மொழிக்காரர்கள் மட்டும் இந்த எழுத்துத் தகராறே வேண்டாம் என்று வேறு வழி பிடித்தார்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தை வைத்துக்கொண்டார்கள்: 2006 ஜனவரி 2, பிற்பகல் 3 மணி 4 நிமிஷம் 5 விநாடி. மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிஷம் 4, விநாடி 5, வருஷம் 6, நேர மண்டலம் கழித்தல் 7. இந்த நேரம் உங்கள் பில்லில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே எழுதிக் கொடுத்தால் போதும்: 02-01-2006 என்றால் நாள், மாதம், வருஷம். முதலில் பார்த்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை, ஆனால் அமெரிக்கக்காரன் மாதத்தை முதலில் வைப்பது நினைவில் இல்லாவிட்டால் 01ஐ நாள் என்று எண்ணி ஏமாறத்தான் செய்வோம்.

எக்செல் பற்றிக் கணக்குப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை. அங்கே எம் மாதமா நிமிஷமா என்பதை எக்செல்லே பக்கத்தில் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யும். மணிக்கு அடுத்தோ விநாடிக்கு முன்னாலோ வந்தால் நிமிஷம், இல்லையென்றால் மாதம். நிமிஷத்தை மட்டும் தனியாகக் காட்டலாம் என்று வெறும் எம் போட்டால் மாதம்தான் வரும். இன்னொன்று, படகு கடலில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று கழித்துப் பார்க்கும்போது 31 மணி நேரம் போய்வந்த படகுக்கு 7:00 என்று காட்டும், 24ஐ முழுங்கிவிடும். மணிக்கான எச்சைச் சதுர அடைப்புக்குள் போடச் சொல்லுங்கள், 31:00 என்று வரும்.

உங்கள் மூன்றாவது சிக்கல் சின்னது. நேரத்துக்குச் சின்ன எச் இரண்டு போட்டிருக்கிறீர்கள், அது 1 முதல் 12 வரை மட்டும். கூடவே காலை மாலையைக் காட்டுகிற சின்ன ஏ போடவில்லை, அதனால் விடியக்காலையும் மதியமும் ஒன்றாகிவிட்டன. பெரிய எச் போடுங்கள், 03:10, 15:10 என்று பிரிந்துவிடும். பெரிய கே, சின்ன கே என்று இன்னும் இரண்டு இருக்கின்றன, முதலாவது 0 முதல் 11 வரை, இரண்டாவது 1 முதல் 24 வரை. நள்ளிரவைச் சின்ன கே 24 என்று சொல்லும், அதைத் தொடவே தொடாதீர்கள். ஆனால் வியாபாரிக்கு 15:10 என்று காட்டினால் பிடிக்காது என்பதும் உண்மை. நம் ஆட்கள் 'மாலை 3' என்றுகூடச் சொல்லமாட்டார்கள், 'மதியம் 3 மணி' என்பார்கள், பொழுதின் பெயர் முன்னால்தான் வரும். அதற்குப் பெரிய பி (ஏவுக்கு அடுத்து வருகிற பி) என்று ஒரு குறி இருக்கிறது. தமிழ் அமைப்பில் அது அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று பிரித்துத் தரும். அதிகாலை என்பது அதற்கு 3 முதல் 5 மணி வரை. 2 மணிக்குக் கரைக்கு வந்த படகுக்கு 'இரவு 2' என்றுதான் போடும், நம் ஊரிலும் ராத்திரி ரெண்டு மணி என்றுதானே சொல்கிறோம். போனில் இருக்கிற பழைய ஆண்ட்ராய்டுக்கு இந்தக் குறி தெரியாமல் போகலாம், அதனால் பொழுதின் பெயரை நீங்களே மணியைப் பார்த்துப் போட்டுக்கொள்வது உத்தமம்.

'தேதி:' என்று வடிவச் சரத்துக்குள்ளேயே எழுதலாமா என்று யாரோ உங்களிடம் கேட்டதாகச் சொன்னீர்கள். தமிழ் எழுத்தைத் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தின் 26 எழுத்து மட்டும்தான் குறிகளுக்கென்று ஒதுக்கியது, மற்ற எழுத்தெல்லாம் அப்படியே அச்சாகும். டேட் என்று ஆங்கிலத்தில் எழுதினால்தான் வம்பு: முதல் எழுத்தை நாள் என்றும் இரண்டாவதைக் காலை மாலை என்றும் எடுத்துக்கொண்டு மூன்றாவதில் பிழை என்று விழுந்துவிடும். அதை ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் தமிழ்க்காரனுக்கு லாபம்.

இதுவரை பேசியது தேதியை எழுத்தாக்கிக் காட்டுவது. எழுத்தாக இருப்பதைத் திரும்பத் தேதியாகப் படிப்பதில் ஆபத்து இன்னும் அதிகம், உங்களுக்கு அடுத்து வரப்போவது அதுதான், ஏனென்றால் உறுப்பினர் பட்டியலையும் செயலிக்குள் ஏற்றப் போவதாகச் சொன்னீர்கள். அதில் பிறந்த தேதி இரண்டு இலக்க வருஷத்தில் இருக்கும். நம் பக்கம் வயசானவர்களைக் கேட்டால் "தனுஷ்கோடி புயலுக்கு எனக்கு மூணு வயசு" என்பார்கள். அந்தப் புயலின் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள், 22-12-64. எக்செல்லில் தட்டினால் 1964 என்று எடுக்கும், அதற்கு 64 என்றால் போன நூற்றாண்டு. ஜாவாவின் சிம்பிள்டேட்ஃபார்மேட் இன்றைக்கு முன் 80 வருஷம், பின் 20 வருஷம் என்று ஒரு சாளரம் வைத்துப் பார்க்கும், அதிலும் 1964தான். பைத்தானில் 69 முதல் 99 வரைதான் போன நூற்றாண்டு, 68 வரை இந்த நூற்றாண்டு, ஆகப் புயல் 2064இல் வரும். ஜாவாவின் புதிய டேட்டைம்ஃபார்மேட்டரோ சின்ன ஒய் இரண்டு என்றால் எப்போதுமே 2000க்கு மேல்தான், அதிலும் 2064. ஒரே தேதி, நான்கு இடம், இரண்டு நூற்றாண்டு. பட்டியலை ஏற்றுவதற்கு முன்னால் வருஷத்தை நான்கு இலக்கமாக்கி வாங்குங்கள், வேறு குறுக்கு வழி கிடையாது.

நாளும் மாதமும் இடம் மாறுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. பாம்பன் புதுப் பாலம் திறந்தது 06/04/2025, நமக்கு அது ஏப்ரல் 6, அமெரிக்க அமைப்பில் படித்தால் ஜூன் 4. இரண்டுமே செல்லுபடியாகும் தேதி என்பதால் பிழையும் வராது. ஆனால் பலருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. அப்துல் கலாம் பிறந்த தேதி 15/10/1931. மாதம் முன்னால் இருக்கிற வடிவத்தில் இதைப் படிக்கச் சொன்னால் 15ஆவது மாதம் இல்லையே, பிழை காட்டும் என்றுதான் நினைப்போம். சிம்பிள்டேட்ஃபார்மேட் காட்டாது. அது தாராள மனசுக்காரன், 1931இன் 15ஆவது மாதம் என்றால் 1932 மார்ச் என்று எண்ணிக் கொண்டுபோய் 1932 மார்ச் 10 என்று தரும். அதன் லீனியன்ட் என்கிற அமைப்பை அணைத்துவிடுங்கள். அணைத்தால்தான் அடம்பிடித்து மறுக்கும். புதிய டேட்டைம்ஃபார்மேட்டரில் கண்டிப்பான முறையை வைத்தால் வருஷத்துக்குச் சின்ன ஒய்க்குப் பதில் சின்ன யூ நான்கு போட வேண்டும். சின்ன ஒய் அங்கே கி.மு.வா கி.பி.யா என்று கேட்டுக்கொண்டு நிற்கும்.

நேர மண்டலம் பற்றிச் சுருக்கமாக. படகில் இருக்கிற ஜிபிஎஸ் கருவி தருகிற நேரம் உலக நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதிகாலை 3:10க்கு வலை இழுத்தால் அதில் முந்தின நாள் 21:40 என்று இருக்கும், ஒரு நாளே குறைந்துவிடும். சேமிக்கும்போது பெரிய எக்ஸ் மூன்று போடுங்கள், +05:30 என்று வரும். பலரும் இணையத்தில் பார்த்து, உலக நேரம் என்பதற்கு அடையாளமான இசட் எழுத்தை மேற்கோளுக்குள் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அது குறி இல்லை, வெறும் எழுத்து. நம் ஊர் நேரத்தை எழுதிவிட்டு உலக நேரம் என்று பொய்ச் சத்தியம் செய்வதுதான் அது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் சில போன்கள் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டும், அதனால் நேரம் கெடுமா என்று பயப்பட வேண்டாம், இப்போது அங்கேயும் +05:30தான். ஆனால் 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் வேறாக இருந்தது, பழைய பதிவு எதையாவது கொழும்பு மண்டலத்தில் மாற்றினால் அரை மணி, ஒரு மணி இடிக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பில்லில் காட்டுவதற்குச் சின்ன டி இரண்டு, பெரிய எம் இரண்டு, சின்ன ஒய் நான்கு. நேரத்துக்குப் பெரிய எச் இரண்டு, சின்ன எம் இரண்டு. தரவுத்தளத்தில் தேதியை எழுத்தாக வைக்காமல் தேதியாகவே வையுங்கள், எழுத்தாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 8601 முறைப்படி வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில், அப்போதுதான் அகர வரிசையில் அடுக்கினாலும் தேதி வரிசையாக நிற்கும். அப்புறம் சோதிப்பதற்கு இன்றைய தேதியை எடுக்காதீர்கள். நான் 2024 டிசம்பர் 30, பிற்பகல் 3:07:09 என்ற ஒரே நேரத்தை வைத்துச் சோதிக்கிறேன். நாள் 12க்கு மேல், மணி மதியத்துக்கு மேல், நிமிஷமும் விநாடியும் ஒற்றை இலக்கம், வருஷத்தின் 365ஆவது நாள், வார வருஷம் வேறு. பெரிய கே, சின்ன கே தவிர, இங்கே பேசிய எந்த எழுத்தை மாற்றிப் போட்டாலும் அந்த ஒரு தேதியில் பல்லைக் காட்டிவிடும்.

பழைய பில். தரவுத்தளத்தில் நேரம் விநாடியாகவோ தேதியாகவோ இருந்தால் ஒன்றுமே கெடவில்லை, திரும்ப அச்சிட்டால் போதும். மாதக் கணக்குப் பட்டியல் அப்படித்தான் சரியாகும். பில்லில் தேதியை எழுத்தாகவே சேமித்திருக்கிறீர்கள் என்றால் மாதம் போனது போனதுதான், அந்த எழுத்திலிருந்து எடுக்க முடியாது. ஆனால் பில் எண் வரிசையாக இருக்கிறது. எண் வரிசையில் அடுக்கி நாளைப் பார்த்துக்கொண்டே போங்கள், 30, 31 என்று ஏறி வந்தது சட்டென்று 1, 2 என்று இறங்குகிற இடத்தில் மாதம் மாறுகிறது. காலை மாலையையும் இதே மாதிரி பிடிக்கலாம், ஒரே நாளில் 03, 11, 03 என்று வந்தால் இரண்டாவது 03 மதியம்.

ஒரே ஓர் இடத்தில் இந்த வழி உங்களை ஏமாற்றும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு பில் ஒன்றுகூட இருக்காது. தடைக்கு முந்தின கடைசி பில் ஏப்ரல் 14, தடை முடிந்து முதல் பில் ஜூன் 15 அல்லது 16. நாள் வரிசையில் அது 14, 15, 16 என்று இறங்காமலே ஓடும், நிரல் அதை ஏப்ரல் என்றே எண்ணிக்கொண்டு போகும், அங்கிருந்து எல்லா பில்லும் இரண்டு மாதம் பின்தங்கிவிடும். ஏப்ரலில் 14க்கு மேல் எந்த நாள் வந்தாலும் அது ஜூன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அந்த பில்களும் இதே எண் வரிசையில் கலந்திருந்தால் இந்த வரி வேண்டாம், அவையே மாதத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப்பிள்ளையிடம் ஐஸ் கம்பெனி ரசீது இருக்கும், அதை வைத்து நான்கைந்து பில்லை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தரவுத்தளத்தில் கை வையுங்கள்.